கிட்டார் மேல்பலகையை முதல் முறை செய்பவருக்கு: ராயபுரத்து உப்புக் காற்றில் படிப்படியாக

என் பட்டறை ராயபுரத்தில் இருக்கிறது. நடந்தால் பத்து நிமிடத்தில் கடல். கிட்டார் செய்யக் கற்க வருபவர்கள் எல்லாரும் கழுத்துப் பகுதியில் கை வைக்கத்தான் ஆசைப்படுவார்கள். நான் மேல்பலகையில்தான், அதாவது கம்பிகளுக்கு அடியில் துளையோடு இருக்கும் முன் பலகையில்தான், உட்கார வைப்பேன். நைலான் கம்பி கிட்டாரின் இன்றைய வடிவத்துக்கு வழி போட்ட ஸ்பெயின்காரர் அந்தோனியோ டி டோரெஸ் 1862-ல் முதுகையும் விலாவையும் (பக்கப் பலகைகளை) காகிதக் கூழில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிட்டார் செய்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இது நைலான் கம்பி கிட்டாருக்கான வழிகாட்டி. கம்பி நீளம் 650 மி.மீ., உடம்பின் அதிக அகலம் 370 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் உங்கள் கையில் இருப்பது பிரேஸ் (உள்பக்கம் தாங்கும் கட்டைகள்) ஒட்டிச் செதுக்கிய ஒரு மேல்பலகை மட்டும். கழுத்து, விலா, பாலிஷ் எல்லாம் தனி வேலை.

வந்தவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுந்தது உளியிலோ இழைப்புளியிலோ இல்லை, வரிசையில். எதை எதற்கு முன் செய்வது, எந்த நாளில் செய்யாமல் இருப்பது என்பதுதான் இங்கே பெரும்பகுதி.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் மீட்டர், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, வெர்னியர் காலிப்பர். நீளமான இழைப்புளி ஒன்று, சின்னது ஒன்று. 12 மி.மீ. உளி. 80, 120, 220 நம்பர் உப்புத்தாள். வச்சிரம் (தோல் பசை) காய்ச்ச இரட்டைப் பாத்திரம், தெர்மாமீட்டர். தேங்காய்க் கயிறும் மர ஆப்புகளும். முப்பது மூங்கில் சிம்புகள். பாரிமுனைக்குப் போனால் லிங்கி செட்டி தெரு, தம்பு செட்டி தெரு பக்கம் கருவிகளை ஒரே நடையில் முடித்துவிடலாம்.

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒன்று. இழைப்புளித் தகடு இங்கே ஒரே வாரத்தில் துரு பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் தடவி வையுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் பிசினாகிவிடும். வேலைக்கு எடுக்கும்போது அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பட்ட மரத்தில் பசை பிடிக்காது.

1. மீட்டரை உப்பு வைத்துச் சோதியுங்கள்

புது மீட்டர் சரியாகத்தான் காட்டும் என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். சோடா மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, சேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத கவரில் போட்டு மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் மீட்டர் 75% காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மீட்டர் ஐந்து கூட்டிச் சொல்கிறது. அந்த ஐந்தை மீட்டரின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இது ஏன் முதல் படி? 75% ஈரத்தில் ஊறிய 370 மி.மீ. அகலப் பலகையை 45%-க்குக் கொண்டுபோனால் அகலத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. சுருங்கும். நீளத்தில் அநேகமாக ஒன்றும் ஆகாது. நீங்கள் குறுக்கே ஒட்டும் கட்டைகள் நீளவாக்கில் சுருங்காமல் நிற்கும், பலகை மட்டும் சுருங்கப் பார்க்கும். இழுபறியில் பலகைதான் வெடிக்கும். ராயபுரத்து மழையில் ஒட்டிய கிட்டார் கோடம்பாக்கத்து ஏசி ஸ்டுடியோவில் ஒரு மாதம் கிடந்தால் இதுதான் நடக்கும். வற்றிய நாளில் ஒட்டிய பலகை ஈரத்தில் கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். காய்ந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

பறை அடிப்பவர்கள் அடிக்கும் முன் தோலைத் தீயில் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கணக்கு அதேதான். அவர்கள் மணிக்கு மணி காய்ச்சிக்கொள்ளலாம். நமக்கு ஒட்டும் அன்று மட்டும்தான் வாய்ப்பு.

2. பல்புப் பெட்டி கட்டுங்கள்

மே, ஜூனில் மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில், காலை பத்திலிருந்து கடல் காற்று உள்ளே வரும் வரை என் பட்டறை மீட்டர் 50-க்குக் கீழே இறங்குவதுண்டு. கடல் காற்று திரும்பியதும் மீட்டர் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். வானிலையை நம்பி உட்கார்ந்தால் வருஷத்துக்கு ஒரு கிட்டார்தான்.

அதனால் ஒரு பிளைவுட் பெட்டி. பலகை படுக்கும் நீள அகலம், முக்கால் அடி உயரம், உள்ளே ஓரத்தில் 60 வாட் குண்டு பல்பு. மரத்துக்கும் பல்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. எதிரெதிர் மூலைகளில் விரல் நுழையும் இரண்டு ஓட்டைகள் போடுங்கள், மரத்திலிருந்து வரும் ஈரம் வெளியே போக வேண்டும். வெளியே 30 டிகிரி, 75% இருக்கும்போது உள்ளே 37 டிகிரிக்கு ஏற்றினால் ஈரம் 50% அளவுக்கு இறங்கிவிடும். பல்பு ஈரத்தை உறிஞ்சுவதில்லை, காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்றில் அதே ஈரம் குறைந்த சதவீதமாகிவிடுகிறது.

வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு தம்பி மூன்று நாள் கழித்து, "அண்ணா, பெட்டி வேலையே செய்யலண்ணா, மீட்டர் அப்டியே நிக்குது" என்றான். போய்ப் பார்த்தால் எல்இடி பல்பு, அதில் சூடு போதாது. இத்தனைக்கும் அவன் கேரம் கிளப் பையன். மழை நாளில் போர்டு ஸ்லோவானால் குண்டு பல்பை இறக்கிக் கட்டுவது ஏன் என்று அவனுக்குத் தெரியும், பெட்டியில்தான் அது தோன்றவில்லை.

இரவில் ஆள் இல்லாதபோது பல்பை அணைத்துவிடுங்கள்.

3. மரம்: முதல் பலகைக்குப் பெட்டி மரம் போதும்

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் அல்லது சீடர். இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். முதல் இரண்டு பலகைகளை நீங்கள் கெடுக்கத்தான் போகிறீர்கள். அதற்குத் துறைமுகத்திலிருந்து வரும் பெட்டி மரம் தாராளம். பழைய மரம் வாங்கி விற்கும் கடைகளில் வெள்ளை பைன் பலகைகள் அடுக்கிக் கிடக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பாப் டெய்லர் 1995-ல் சரக்கு ஏற்றும் பேலட் மரத்தில் முதுகும் விலாவும் போட்டு ஒரு கிட்டார் செய்து காட்டியிருக்கிறார்.

முதலில் முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றால் சூடேற்றியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை இழைத்துத் தூளைச் சுவாசிக்க வேண்டாம். ஹெச்.டி.யைப் பார்த்ததும் ‘காய்ந்த மரம்’ என்று எடுத்து வருபவர்கள் உண்டு. அது பூச்சி சாவதற்காக மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்ததற்கான முத்திரை. காய்ந்ததா என்பது வேறு விஷயம்.

அடுத்து, பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்துக் கிடந்தால் பலகை கூடுதலாகச் சுருங்கும், குறுக்குப் பலமும் இருக்காது. நூறு பலகையில் ஐந்தோ ஆறோதான் தேறும். முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். கிட்டார் என்றால் பெரும்பாலும் அவரே சேர்ந்து தேடுவார்.

கடைசிச் சோதனையைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். முனையில் ஒரு துண்டை உளி வைத்து அறையுங்கள். ரம்பத்தால் அறுக்காதீர்கள், பிளக்க வேண்டும். பிளவு பலகை முகத்தோடு ஒட்டியே போனால் நார் நேராக ஓடுகிறது. உள்ளே சாய்ந்து போனால் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டரை மி.மீ.க்கு இழைத்த பிறகு அந்தச் சாய்ந்த நார்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

பின்னால் பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் கம்பிகளைக் கட்டும் கட்டை) ஈட்டி மரம் வாங்கும்போது பில் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்க 1994-ல் தனிச் சட்டமே வந்தது. ஒரு சாண் துண்டுதானே என்று பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

4. அறுத்து, குச்சி வைத்து, எடை போடுங்கள்

சா மில்லில் 5 மி.மீ. தடிமனுக்கு அறுத்து வாங்குங்கள். அறுக்கும்போது அடுத்தடுத்து வரும் இரண்டு துண்டுகளைப் புத்தகம் போல விரித்தால் ரேகை இரண்டு பக்கமும் ஒன்றாக வரும், ஆகவே எது எதற்கு அடுத்தது என்று அங்கேயே பென்சிலால் குறியுங்கள். ஒவ்வொன்றும் 200 மி.மீ. அகலம், 520 மி.மீ. நீளம் வேண்டும். பெட்டி மரத்தில் அவ்வளவு அகலம் கிடைக்காது. 100 மி.மீ. துண்டுகள் நான்கைச் சேர்த்தாலும் குற்றமில்லை.

துண்டுகளுக்கு நடுவே ஒரே தடிமன் குச்சிகள் வைத்துப் பெட்டிக்குள் அடுக்குங்கள். காற்று இரண்டு முகத்திலும் படாவிட்டால் பலகை கிண்ணம் போல வளையும்.

"எத்தனை நாள் காய வேண்டும்?" என்று கேட்காதவர் இல்லை. நாள் கணக்குச் சொல்ல முடியாது, எடைக் கணக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொரு துண்டையும் தராசில் போட்டு எடையை அதன் மேலேயே எழுதுங்கள். மூன்று ஞாயிறு ஒரே எடை நின்றால், பெட்டிக்குள் இருக்கும் காற்றோடு மரம் ஒத்துப்போய்விட்டது. அதற்கு முன் தொடாதீர்கள்.

5. நடு மூட்டு

இரண்டு துண்டுகளையும் புத்தகம் மூடுவது போலச் சேர்த்து, விளிம்புகள் ஒன்றாக இருக்கும்படி பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் இழையுங்கள். இழைப்புளி ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் விரித்து வைக்கும்போது ஒன்றின் சாய்வை மற்றது சரிக்கட்டிவிடும். தனித்தனியாக இழைத்தால் அந்தச் சலுகை கிடையாது.

ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். மூட்டில் ஒளிக்கீற்று தெரியும் வரை இழைப்பு முடியவில்லை. ‘கயிறு இறுக்கினால் மூடிக்கொள்ளும்’ என்று விட்டவர்களின் மூட்டு, பாலிஷ் போட்ட ஆறாம் மாதம் திறக்கும். முனைகளில் இடைவெளி, நடுவில் தொடுகிறது என்றால் தப்பு. மிக மிக லேசாக நடுவில் இடைவெளி, முனைகளில் தொடுகிறது என்றால் ஒத்துக்கொள்ளலாம்.

பசை: நான் வச்சிரம்தான் பயன்படுத்துகிறேன். ஒரு பங்கு வச்சிரத்துக்கு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர், எடைக் கணக்கில். முதல் நாள் இரவே ஊற வையுங்கள். காலையில் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். 70-ஐத் தாண்டினால் பலம் போய்விடும், அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்கவிட்டவர்களுக்கு நாற்றம்தான் மிச்சம். சாதாரண வெள்ளைப் பசை பழகுவதற்கு ஆகும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கிட்டாரை விட்டால் அது இளகி, கம்பி இழுக்கும் பக்கம் மூட்டு மெல்ல நகரும்.

குளிர் நாட்டுக்காரர்களுக்கு வச்சிரம் ஒரு நிமிடத்துக்குள் உறைந்துவிடும். நமக்கு 34 டிகிரியில் இன்னும் சற்று நேரம் கிடைக்கிறது. நம் ஊர் வெயில் இந்த வேலைக்குச் செய்யும் ஒரே உபகாரம் இது.

இரண்டு துண்டுகளையும் தட்டையான பலகையில் வைத்துக் கயிற்றால் சுற்றி, கயிற்றுக்குக் கீழே ஆப்பு அடித்து இறுக்குங்கள். ஆப்பு பக்கத்திலிருந்தும் தள்ளும், மேலிருந்தும் அமுக்கும். இரும்பு கிளாம்ப் போட்டு முழு பலத்தில் திருகினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும், மூட்டுக்குள் ஒன்றும் மிஞ்சாது. கீழே ஒரு பிளாஸ்டிக் தாள் போட மறக்காதீர்கள். மறந்தவர்கள் மேசையோடு சேர்த்து கிட்டார் செய்தார்கள்.

6. ரோஸெட் இப்போது, தடிமன் பிறகு

வரிசை தப்பும் முக்கியமான இடம் இதுதான். பலகை கையில் வந்ததும் எல்லாரும் மெலிதாக்கத் துடிப்பார்கள். வேண்டாம். முன் முகத்தை மட்டும் சமமாக இழைத்து, சத்தத்துளையைச் சுற்றி வரும் ரோஸெட் வளையத்துக்கான பள்ளத்தை முதலில் வெட்டுங்கள். ஆழம் 1.5 மி.மீ. போதும். பலகை 4 மி.மீ. இருக்கும்போது இது பயமில்லாத வேலை. 2.4 மி.மீ.க்கு இழைத்துவிட்டு வெட்டினால் மிஞ்சுவது ஒரு மி.மீ.கூட இல்லை.

வளையத்தை ஒட்டி, காய்ந்ததும் முகத்தோடு சமமாக இழைத்துவிடுங்கள். இனி முன் முகத்தை இழைப்புளியால் தொடக் கூடாது. மெலிதாக்குவது எல்லாம் உள் முகத்திலிருந்துதான். 85 மி.மீ. விட்டமுள்ள துளையைத் தடிமன் முடிந்த பிறகு அறுங்கள்.

ரோஸெட் எந்த டிசைன் என்பது உங்கள் இஷ்டம். முதல் கிட்டாரில் அதற்கு ஒரு வாரம் செலவழிப்பது வீண்.

7. தடிமன்: எண்ணில் நிற்காதீர்கள்

ஸ்ப்ரூஸுக்கு 2.2 முதல் 2.5 மி.மீ., சீடருக்கு அதைவிட மூன்று நூல் கூட, அதாவது 2.5 முதல் 2.8 வரை என்று வழக்கம். பைனை நான் ஸ்ப்ரூஸ் மாதிரியே எடுத்துக்கொள்கிறேன். (நூல் என்று நான் சொல்வது பட்டறைப் பேச்சு, 0.1 மி.மீ.யைத்தான். ஆசாரிகளின் நூல் வேறு, அதை வைத்து இழைத்துவிடாதீர்கள்.)

3 மி.மீ. வரை காலிப்பரை நம்பி இழைக்கலாம். அதற்குக் கீழே மரம் மரத்துக்கு வித்தியாசம். பலகையின் இரண்டு முனைகளையும் 500 மி.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைகள் மேல் வைத்து, நடுவில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிறுத்துங்கள். எவ்வளவு தொய்கிறது என்று அளந்து குறியுங்கள். ஒவ்வொரு சுற்று இழைத்த பிறகும் அதே சோதனை. 0.1 மி.மீ. குறைத்ததும் தொய்வு சட்டென்று கூடுவதைப் பார்ப்பீர்கள். இரண்டாவது, மூன்றாவது கிட்டார் செய்யும்போது இந்த நோட்டுதான் உங்களுக்கு வாத்தியார்.

எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் பெரம்பூரில் ரயில்வே பட்டறையில் பேட்டர்ன் மேக்கராக (வார்ப்புக்கு மர அச்சு செய்பவராக) இருந்து ஓய்வு பெற்றவர். அரை மி.மீ. பிசகினால் வார்ப்பே வீணாகும் வேலையில் முப்பது வருஷம் இருந்த மனுஷன். அவர் காலிப்பரை 3 மி.மீ.யில் வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார். எனக்கு அப்போது கோபமாக வரும்.

8. பிரேஸ் ஒட்டுவது

துளைக்கு மேலும் கீழும் குறுக்கே ஒவ்வொரு கட்டை, உயரம் 15 முதல் 18 மி.மீ. வரை. கீழ்ப் பகுதியில் விசிறி போல ஏழு மெல்லிய கட்டைகள், அகலம் 6, உயரம் 6 மி.மீ. எல்லாம் பிளந்து எடுத்த நேர் நார் மரம். வளையக் கோடுகள் நின்ற வாக்கில் இருக்க வேண்டும்.

ஒட்டும் முன் பலகையும் கட்டைகளும் இரண்டு நாள் பல்புப் பெட்டியில் 45 முதல் 50%-ல் இருக்கட்டும். வெளியே எடுத்தால் அரைமணிக்குள் ஒட்டி முடித்துத் திரும்பப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். மெல்லிய பலகை ஈரத்தை மிக வேகமாகக் குடிக்கும். அதனால் முதலில் பசை இல்லாமல் ஒருமுறை முழு ஒத்திகை பாருங்கள்: எந்தக் கட்டை முதலில், எந்தச் சிம்பு எங்கே. ஒத்திகை இல்லாமல் தொடங்கியவர் ஏழாவது கட்டைக்கு வரும்போது முதல் கட்டை வழுக்கி நகர்ந்திருக்கும்.

பலகைக்கு அடியில் வைக்கும் வேலைப்பலகையில், பிரிட்ஜ் வரும் இடத்தை மையமாக வைத்து 2 மி.மீ. ஆழத்துக்குக் கிண்ணம் போலக் குடைந்திருக்க வேண்டும். விசிறிக் கட்டைகள் அந்த வளைவோடு ஒட்டினால் மேல்பலகை லேசாக உப்பி நிற்கும், பின்னால் சுருங்கினாலும் வெடிக்காமல் தட்டையாக இறங்க இடம் இருக்கும்.

ஏழு கட்டையையும் ஒரே நேரத்தில் அமுக்க கிளாம்ப் எட்டாது. வேலைப்பலகைக்கு 600 மி.மீ. மேலே ஓர் அலமாரித் தட்டு இருந்தால் போதும். 625 மி.மீ. நீள மூங்கில் சிம்புகளை வளைத்து, ஒரு முனை தட்டிலும் மறுமுனை கட்டையிலும் நிறுத்துங்கள். வளைந்த மூங்கில் நிமிரப் பார்க்கும், கட்டை பலகையோடு அமுங்கும். ஒரு கட்டைக்கு மூன்று சிம்பு. மூங்கிலின் கணுவைச் சீவி மழமழப்பாக்காவிட்டால் முகத்தில் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பிதுங்கிய பசையை உடனே ஈரத்துணியால் துடைக்காதீர்கள், இரண்டு நாள் காய வைத்த பலகைக்கு நீங்களே தண்ணீர் கொடுத்த மாதிரி ஆகும். அது ஜெல்லி பதத்துக்கு வந்ததும் உளி முனையால் உரித்தெடுங்கள், நாடா போல வந்துவிடும்.

9. செதுக்குவதும் தட்டுவதும்

ஒரு நாள் கழித்து, விசிறிக் கட்டைகளின் இரண்டு முனைகளையும் ஒன்றரை மி.மீ. வரை சரித்து இறக்குங்கள். முனை தடித்து நின்றால் பலகையின் ஓரம் அசையாது. கட்டைகளின் மேல்முதுகைக் கூரை போல இரு பக்கமும் சீவுங்கள். எடை குறையும், விறைப்பு பெரும்பாலும் உயரத்தில் இருப்பதால் அது அவ்வளவாகக் குறையாது.

பலகையைத் துளைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, பிரிட்ஜ் வரும் இடத்தில் விரல் முட்டியால் தட்டுங்கள். தொடக்கத்தில் ‘டக்’ என்று அறுந்து போகும். சீவச் சீவ அது ‘டம்ம்’ என்று இழுக்கத் தொடங்கும், சுருதி இறங்கும். பிடிக்கும் இடம் மாறினால் சத்தமும் மாறும், ஆகவே எப்போதும் ஒரே இடத்தில் பிடியுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை எழுத்தில் சொல்ல முடியாது என்று பலர் கைவிரிப்பார்கள். நான் ஒரு வழி சொல்கிறேன். மூன்று முறை சீவி, மூன்று முறையும் சத்தம் கூடியது. நான்காவது முறை எந்த மாற்றமும் இல்லை. அங்கே நிறுத்துங்கள். ஐந்தாவது சீவலுக்குப் பிறகு சத்தம் மத்தளத்தில் மாவு உதிர்ந்த மாதிரி தளர்ந்து போகும். ஒரு சர்ச் கொயர் பையனுக்குச் செய்த சீடர் பலகையை நான் அப்படித்தான் கெடுத்தேன். கம்பி கட்டிய மூன்றாம் மாதம் பிரிட்ஜுக்கு முன்னால் பள்ளம் விழுந்தது. மேல்பலகையை மாற்றிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை.

10. விலாவில் ஒட்டும் வரை

முடித்த பலகையைச் சுவரில் மாட்டி அழகு பார்க்காதீர்கள். உள் முகத்தில் அரக்குக் கரைசலை இரண்டு முறை பூசி, ஓரம் முழுக்க 10 மி.மீ.யைப் பூசாமல் விடுங்கள், அங்கேதான் விலா ஒட்ட வேண்டும். அரக்கு ஈரத்தை நிறுத்தாது, மெதுவாக்கும். பிறகு பல்புப் பெட்டிக்குள் படுக்க வையுங்கள்.

அரக்கு பூசும் முன் ஒரு சின்ன வேலை. உள் முகத்தில், துளை வழியாகச் சின்ன முகக்கண்ணாடி விட்டுப் பார்த்தால் தெரியும் இடத்தில், மென்மையான பென்சிலால் நான்கு விஷயம் எழுதுங்கள்: ஒட்டிய தேதி, அன்றைய ஈரம், வெப்பம், நடுத் தடிமன். இருபது வருஷம் கழித்து யாரோ ஒருவர் இதைத் திறந்து விரிசல் ஒட்டும்போது, எத்தனை சதவீதத்தில் ஒட்ட வேண்டும் என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். மாஸ்டர் செய்த கிட்டார் ஒன்று போன மாதம் கம்பி மாற்ற என்னிடம் வந்தது. துளைக்குள் சின்ன முகக்கண்ணாடி விட்டு டார்ச் அடித்தேன். தேதி அழிந்துவிட்டது, ‘ஈரம் 47’ மட்டும் தெளிவாக இருந்தது. பலகையில் ஒரு விரிசல்கூட இல்லை.